நாற்பது இடது கைகள்

சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையை என் நாத்தனார் நகத்தால் சுரண்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் பள்ளியின் தலைமையாசிரியையும் அவர்தான். வீட்டில் அண்ணி, பள்ளியில் மேடம். எனக்கு இந்தத் தற்காலிக அறிவியல் ஆசிரியை வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான், அதை வாரம் ஒருமுறை ஞாபகப்படுத்துவதும் அவர்தான்.

அட்டவணையில் இருபத்தாறு நாள் எண்கள் இருந்தன. தகரக் கூரை போட்ட மாடி வகுப்பில் மதியம் இரண்டு மணிக்கு எத்தனை டிகிரி என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரும் இரண்டிரண்டு பேராக முறை வைத்து அளந்து எழுதியது. பருவநிலை மாற்றம் பற்றி நான் எழுதிய சோதனைப் பாடத்தின் உயிரே அதுதான். பாடத்திட்டக் குழு இன்று வந்து பார்த்துச் சரி என்றால், அடுத்த வருஷம் எல்லாப் பள்ளிப் புத்தகத்திலும் வரும். இல்லை என்றால் வாரம் இரண்டு பீரியடும் பழையபடி கணக்கு வாத்தியாரிடம் போய்விடும். மனுஷன் காலையிலிருந்தே சாக்பீஸ் டப்பாவோடு தயாராக நின்றார்.

"இது இங்க இருக்கக் கூடாது," என்றார் அண்ணி. "நாப்பத்தொரு டிகிரியில பிள்ளைங்கள யாரு உக்கார வச்சான்னு கேப்பாங்க. அந்த ரூம் நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டது நான். ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. என் பொழப்புல மண்ணப் போட்டுடாத."

"அளந்தது இல்லாம பாடமே இல்ல மேடம்."

"புத்தகத்துல உலகத்துக்கே கணக்கு இருக்கே, அதச் சொல்லு. கீழ ஹால்ல ஃபேன் ஓடுது, அங்க வச்சு நடத்து. மாடியப் பத்தி யாராவது கேட்டா தெரியாதுன்னு சொல்லணும்னு பிள்ளைங்ககிட்ட சொல்லி வச்சுட்டேன்."

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தலையாட்டினேன். தற்காலிக வேலை அப்படித்தான் ஆட்டி வைக்கும்.

பார்வையாளர் வரும் நாளுக்கென்று எங்கள் பள்ளியில் ஓர் ஏற்பாடு உண்டு. எந்தக் கேள்வி கேட்டாலும் வகுப்பே கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவர் வலது கை, தெரியாதவர் இடது கை. ஆசிரியர் வலது கை தூக்கியவரை மட்டும் எழுப்புவார். வெளியாளுக்கு எல்லாரும் மேதைகளாகத் தெரிவார்கள். வெட்கமில்லாமல் நானும் இதைப் பழக்கியிருந்தேன்.

ஒன்றரை மணிக்குக் குழு வந்தது. ஒரு பேராசிரியை, ஓர் அதிகாரி. கரியமில வாயு, உருகும் பனி, மரம் நடுவது என்று பிள்ளைகள் மளமளவென்று ஒப்பித்தார்கள். அதிகாரி கொட்டாவியை அடக்கிக்கொண்டார். கதவோரம் நின்ற அண்ணி, முடித்துவிடு என்று எனக்குச் சைகை காட்டினார்.

அப்போது பேராசிரியை எழுந்தார். "நான் ஒண்ணு கேக்கலாமா? பனி உருகுறது எங்கயோ. நீங்க படிக்கிற எடத்துல சூடு எவ்ளோ? யாராவது அளந்து பாத்தீங்களா?"

நாற்பது கைகள் ஒன்றாக எழுந்தன. நாற்பதும் இடது கை.

எல்லாரும் தங்கள் கையாலேயே எழுதிய எண்கள். ஒருவர்கூட மறந்திருக்க முடியாது. முன்பெஞ்சில் 'டிகிரி' இருந்தாள். தெர்மாமீட்டருக்கு அவள்தான் காவல் என்பதால் வகுப்பு வைத்த பெயர் அது. போன வாரம் மாடியில் மயங்கி விழுந்தவளும் அவள்தான். இடது கையை விறைப்பாகத் தூக்கிக்கொண்டு, என்னைக் கூப்பிடாதீர்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லத்தான் இரண்டு மாதம் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேனா? எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது.

"பரவாயில்லையே, எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு," என்றார் பேராசிரியை.

"இல்லைங்க," என்றேன். "எங்க ஸ்கூல்ல எடது கைன்னா தெரியாதுன்னு அர்த்தம். உங்க முன்னாடி மானம் போகக் கூடாதுன்னு நாங்க பழக்கினது. ஆனா இவங்களுக்குத் தெரியும். மாடிக்கு வாங்க, காட்டுறேன்."

அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை.

எல்லாரும் படியேறினோம். கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. அதிகாரி கைக்குட்டையைத் தேடினார். பிள்ளைகள் வழக்கம்போல் அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். மதியத்துக்கு மேல் அண்ணி அந்த அறைக்குள் வந்து நான் பார்த்ததே இல்லை. அன்று பத்து நிமிடம் நின்றார், புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. டிகிரி தெர்மாமீட்டரைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை.

"நாப்பத்திரண்டு," என்று நானே படித்தேன்.

அதிகாரி அவசரமாகப் பேசினார். "பாடம் நல்லாத்தான் இருக்கு. புத்தகத்துல சேத்துடலாம். 'உங்கள் வகுப்பறையை அளந்து எழுதுக'ன்னு இருக்குற ஒரு வரிய மட்டும் எடுத்துடுங்க. எல்லா ஸ்கூல்லயும் அளக்க ஆரம்பிச்சா யாரு பதில் சொல்றது? இந்த ரூமையும் நாங்க பாக்கல. சரிதானே மேடம்?"

அவர் கேட்டது அண்ணியை. வேலையும் பென்ஷனும் தப்ப இதைவிட நல்ல வழி கிடைக்காது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் பாடத்தை நான் அப்போதே கைகழுவிவிட்டேன்.

அண்ணி டிகிரியின் பெஞ்சுக்குப் போனார். "போன வாரம் விழுந்தது நீதானே?"

அவள் தலையசைத்தாள்.

"பசி மயக்கம்னு ரிஜிஸ்டர்ல எழுதினேன்," என்றார் அண்ணி, யாரிடம் என்றில்லாமல். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினார். "அந்த வரி இருக்கட்டும் சார். அத எடுத்தா பாடமே வேணாம். இந்த ரூமுக்குக் கையெழுத்துப் போட்டது நான்தான். அதையும் எழுதிக்குங்க."