பொட்டு வைத்த பாட்டில்கள்

விருதுநகர் ஆஸ்பத்திரியில் என்னை ‘மூச்சு வாத்தியார்’ என்பார்கள். மூச்சு விடக்கூடவா வாத்தியார் என்று கேட்காத ஆளில்லை. 1963-இல் என் சொத்து இரண்டு பாட்டில், ஒரு ரப்பர் குழாய். ஒன்றிலிருக்கும் தண்ணீரை ஊதி ஊதியே மற்றதற்கு மாற்ற வேண்டும். நுரையீரலுக்குப் பயிற்சி.

சங்கிலிமுத்து வந்தபோது ஒரு விரற்கடை தண்ணீர்கூட நகரவில்லை. சிவகாசிப் பட்டாசு கம்பெனியில் பத்து வருஷம் வெடிமருந்துப் பொடி சலித்தவர்.

“ஆமத்தூர்ல பஸ்ஸ விட்டு எறங்கி, எங்கனயும் நிக்காம வீடு போய்ச் சேரணும் சார்.”

அவர் கேட்டது அவ்வளவுதான். அதையே நான் குறிக்கோளாக எழுதினேன். இனி பொடிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் எழுதினார்.

மூன்று மாதத்தில் பாட்டில் காலியானது. அவர் மனைவி மாரித்தாய் அழுதுவிட்டாள். முதலாளி காளிராஜ் காரில் வந்து கை தட்டினார்.

“தீவாளி சீசன் சார். இவன் சலிச்சாத்தான் மத்தாப்பு நெறம் எடுக்கும்.”

“பொடி ஆகாதுன்னு டாக்டர் எழுதியிருக்காரே?”

“அதுக்குத்தான் வைத்தியம் இருக்கே! அம்புட்டுப் பேருக்கும் பாட்டில் வாங்கிப் போட்டுருதேன். ஒரு மணி நேரம் சலிக்கட்டும், பத்து நிமிசம் ஊதட்டும்.”

சலிக்கிற அறைக்கு ஒரு சன்னல் வைக்கச் சொன்னால் மனையடி சாஸ்திரம் பார்க்கிறவர், பாட்டிலுக்கு அன்றைக்கே ஆர்டர் கொடுத்தார். முதலாளி பேச்சைத் தட்ட முடியாமல் சங்கிலிமுத்து காரில் ஏறினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆயுத பூஜைக்கு எனக்கும் அழைப்பு. சல்லடைகளுக்கு நடுவே என் பாட்டில்கள், சந்தனமும் குங்குமமும் இட்டு, அவல்பொரியோடு அமர்க்களமாக இருந்தன. குடும்பத்தோடு வந்திருந்த தொழிலாளிகளின் நெற்றியிலும் முதலாளி தன் கையாலேயே பொட்டு வைத்தார். அப்போது சங்கிலிமுத்துவுக்கு மூச்சு இளைத்தது. பழக்கத்தில் பாட்டிலுக்குக் கை நீட்டினார்.

“ஏலே! பூசையில வச்ச ஆயுதத்த இன்னைக்குத் தொடப்படாதுலே!” என்று பதறினார் முதலாளி.

நான் சங்கிலிமுத்துவை முன்னால் சாய்ந்து உட்காரவைத்து, உதட்டைக் குவித்து மெல்ல ஊதச் சொன்னேன். மாரித்தாய் முதலாளி பக்கம் திரும்பினாள்.

“மொதலாளி, இவுக நெத்தியிலயும் நீங்கதான பொட்டு வச்சீக? அப்ப இவுகளையும் தொடாதீக.”

இளைப்பு தணிந்ததும் அவரை ஆமத்தூருக்குக் கூட்டிப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அவர்கள் வாசலில் கார் ஹாரன் அடித்தது. மாரித்தாய் எட்டிப் பார்த்து, “பொட்டு இன்னும் அழியலய்யா” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாளாம்.

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் முதல் வேலையாக அவளே அவர் நெற்றியில் புதுப் பொட்டு வைத்தாள்.