தெயோவின் பலகை அடி

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சியில் தெயோ பலகையை நழுவ விட்டான். குற்றவாளி தமாலே என்ற சோளமாவுக் கொழுக்கட்டை. திரைக்குப் பின்னால் ஒளிந்து தின்றதில் கையெல்லாம் கொழுப்பு.

எல் பாஸோ நகரத்தில் கூக்கா அக்கா நடத்தும் பெண்கள் நாடகக் குழுவில் ஒரு சட்டம் உண்டு: மேடையில்கூட பெண்ணை யாரும் தொட்டு அடிக்கக் கூடாது. நாடகத்தில் அடிக்கிற புருஷன் கடைசிவரை தலைகாட்ட மாட்டான்; திரைக்குப் பின்னால் இரண்டு பலகைகளை மோதவிடும் சத்தம்தான் அவன் அடி. பூனை குறுக்கே போனாலே வழிவிட்டு நிற்கும் தெயோவுக்கு அந்த உத்தியோகம்.

நழுவிய பலகை சிமெண்டுத் தரையில் வெடித்தது. அடிக்கு இன்னும் நேரம் இருந்தது. மேடை அடுப்படியில் பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்த, மனைவி வேஷம் போட்ட ஸொராய்தா மேசைக்கு அடியில் பாய்ந்து, இடது காதை இரண்டு கைகளாலும் பொத்திச் சுருண்டாள். ஒத்திகையில் இப்படி ஒரு நாளும் விழுந்ததில்லை. கூட்டம் கைதட்டியது.

இடைவேளையில் கேட்டான். "என்னடி ஆச்சு?"

"கால் வழுக்கிருச்சு. எல்லாம் உன் தமாலே கொழுப்புதான்."

"நான் சிந்தினது இங்க. நீ விழுந்தது அங்க."

"தெயோ, வாயை மூடிட்டுப் பலகையைப் பிடி" என்றாள் கூக்கா அக்கா.

"சரிக்கா. இனிமே அடிக்கு முன்னாடி ஒரு தடவை இருமட்டுமா? மகாராணிக்கு முன்னறிவிப்பு."

ஸொராய்தா சிரிக்கவில்லை. "இருமு" என்றாள்.

மிச்ச நாடகம் முழுக்கக் காசநோய்க்காரன்போல இருமிக்கொண்டே அடித்தான்.

காட்சி முடிந்ததும் வழக்கம்போல நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். காபி, இனிப்பு ரொட்டி. யார் வேண்டுமானாலும் எதுவும் கேட்கலாம். கதவு திறந்தே இருக்கும். ஒரு பெண் தன் தங்கையைப் பற்றிச் சொல்லி அழுதாள். பிறகு, மடியில் தொப்பியை வைத்திருந்த ஒருவன் மரியாதையாகக் கை தூக்கினான்.

"மேசைக்கடியில விழுந்தீங்களே, நிஜம் மாதிரியே இருந்தது. யார் கத்துக் குடுத்தது?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஸொராய்தாவின் கை தானாக இடது காதுக்குப் போனது.

தெயோவுக்கு ஓடிப்போக நல்ல நேரம், பின்வாசல் பத்தடியில்தான். ஆனாலும் காபிக் கூஜாவைத் தூக்கிக்கொண்டு வட்டத்துக்குள் நடந்து, அவளுக்கும் அந்த ஆளுக்கும் நடுவில், அவனுக்கு முதுகைக் காட்டி நின்றான். அவள் கோப்பையில் விழுந்ததைவிடத் தன் செருப்பில் விழுந்த காபிதான் அதிகம். ஒரு தடவை இருமினான். அவள் நிமிர்ந்தாள்.

"வழுக்குச்சுன்னு மட்டும் சொல்லாத" என்றான் மெதுவாக. "யார் அவன்?"

கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"என் புருஷன். அந்தக் காது கேக்காமப் போனது அவனாலதான். என்னைத் தேடி வந்துட்டான், தெயோ. நான் காருக்குப் போறவரை இங்கேர்ந்து நகராத."