பேட்டரியைத் தின்ற பல்

பல் டாக்டர், பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் அந்த ஹைபிரிட் காரை வாங்கியதற்கு ஒரே காரணம், அவள் தங்கை ஒன்று வாங்கியிருந்தாள். வேறு தேவை எதுவும் அவளுக்கு இருக்கவில்லை. கிளினிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது, வீடு அதற்கு நேர் மேலே முதல் மாடியில். வேலைக்குப் போய்வர அவளுக்குப் பதினெட்டுப் படிகளும் ஒரு ஜோடி செருப்பும் போதும். கணவனுக்குச் செருப்புகூட வேண்டாம். அவன் இயந்திரங்களின் கையேடுகளை மொழிபெயர்க்கிறவன். கட்டிலிலிருந்து மேஜைக்கு ஏழடி தூரம், அதையும் அவன் நடுவில் ஒரு காபியோடுதான் கடப்பான்.

ஆகவே கார் கட்டடத்தின் அடித்தள வண்டி நிறுத்தத்தில் சாம்பல் நிற உறைக்குள் சுகவாசம் செய்தது. மூன்று வருடத்தில் ஓடியது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். அதிலும் ஐம்பது, வாங்கிய அன்று வீட்டுக்கு வரும்போது வழி தவறிச் சேர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தங்கை மகளின் பிறந்தநாளுக்குப் போக இருவரும் உடுத்திக்கொண்டு கீழே வந்தார்கள். கைப்பிடியைத் தொட்டாலே திறந்துகொள்ளும் வண்டி அது. டாக்டர் தொட்டாள். தடவினாள். பிறகு தட்டினாள்.

"உள்ள ஆள் இருந்தாத்தான் தட்டினா திறப்பாங்க," என்றான் கணவன்.

"அப்ப நீங்க திறங்க பாக்கலாம்."

அவனும் தொட்டான், தடவினான், தட்டினான். கடைசியில் உதவி எண்ணுக்குப் போன் போட்டார்கள்.

வந்த மெக்கானிக்குக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டிருந்தார். வண்டியிடம் மரியாதையாகவும் வண்டிக்காரர்களிடம் போலீஸ் மாதிரியும் பேசுகிற மனிதர். ரிமோட்டை வாங்கி, பக்கத்தில் இருந்த சின்னப் பொத்தானை அழுத்தி, அதற்குள்ளிருந்து ஒரு நிஜச் சாவியை உருவினார்.

"இதுக்குள்ள சாவி இருக்கா?" என்றாள் டாக்டர்.

"மூணு வருஷமா இருக்கு, மேடம்."

பதினான்கு கார்களின் கையேடுகளை மொழிபெயர்த்திருந்த கணவன், தன் ஷூ நுனியைப் பார்த்தான்.

கதவு திறந்தது. ஆனால் பேட்டரி இருந்தது பின்னால், டிக்கியின் தரைக்கு அடியில். டிக்கி திறக்க மின்சாரம் வேண்டும். மின்சாரம் வேண்டுமானால் டிக்கி திறக்க வேண்டும். யாராவது பின் சீட்டின் மேல் ஏறி உள்ளே ஊர்ந்து போய், அங்கே இருக்கும் நெம்புகோலைத் தள்ள வேண்டும் என்றார் மெக்கானிக்.

"எனக்கு இடுப்புப் பிடிப்பு. சார் போகட்டும்."

சார் போனார். தலை போனது, தோள் போனது, வயிறு மட்டும் யோசித்தது. இஸ்திரி போட்ட கால்சட்டையில் இரண்டு கால்கள் கூரையை உதைத்துக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து, "எந்தப் பக்கம் தள்ளணும்?" என்று கிணற்றுக் குரல் வந்தது.

"கையேட்டுல போட்டிருக்குமே," என்றாள் டாக்டர்.

ஒருவழியாக டிக்கி திறந்தது. மெக்கானிக் கறுப்பு, சிவப்பு வயர்களை மாட்டி உயிர் கொடுத்தார். ஓட்டுநர் இருக்கையின் முன்னால் விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண்ணைத் திறந்தன.

"இதுல பெரிய பேட்டரி ஒண்ணு இருக்குன்னுதானே வாங்கினோம்? அது என்ன பண்ணுது?"

"அது யானை, மேடம். இந்தச் சின்னது பாகன். பாகன் தூங்கிட்டா யானை இருந்து என்ன பிரயோஜனம்?" அவர் கண்ணாடியை இறக்கி, ஓடிய தூரத்தைப் படித்தார். மறுபடி படித்தார். "இது காரா, ஷோகேஸ் பொம்மையா? வாரம் ஒரு தடவை முக்கால் மணி நேரம் ஓட்டுங்க. இல்லன்னா என்னை இங்கயே ஒரு கட்டில் போட்டுப் படுக்க வைங்க."

மருத்துவம் படித்தவர்கள் மற்றவர் சொல்லும் வைத்தியத்தைக் கேட்பது அபூர்வம். இவள் கேட்டாள். ஞாயிறு தவறாமல் புறவழிச் சாலையில் முக்கால் மணி நேரம் தனியாக ஓட்டிவிட்டு வந்தாள். கணவனைக் கூப்பிட்டால் அவனுக்கு எப்போதும் ஏதோ ஒரு சலவை இயந்திரம் அவசரமாக மொழிபெயர்க்கப்பட வேண்டியிருந்தது. மூன்றாவது வாரம் வண்டி மறுபடி செத்துக் கிடந்தது.

"வயசாயிடுச்சு," என்று சொல்லி மெக்கானிக் பேட்டரியையே மாற்றினார். "இது இனி மூணு வருஷத்துக்கு மூச்சு விடாது."

ஒன்பதாவது நாள் மூச்சு விடாமல் போனது பேட்டரி.

இந்தத் தடவை வந்தபோது மெக்கானிக் வணக்கம்கூடச் சொல்லவில்லை. தொழில் கௌரவம் அடிபட்டுவிட்டது. பேட்டரியை உசுப்பிவிட்டு, மீட்டரை மாட்டி, கதவுகளை எல்லாம் சாத்தி, வண்டி தூங்கட்டும் என்று அரை மணி நேரம் தரையில் குந்தியிருந்தார். டாக்டரும் கணவனும் தூணுக்கு ஒருவராக நின்றார்கள். கடைசியில் மீட்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல. கசிவே கிடையாது. யாரோ உள்ள உக்காந்து சாப்பிடறாங்க."

"என்னது?"

"கரண்ட்டைச் சொல்றேன், மேடம்."

முன் கதவைத் திறந்து டார்ச் அடித்தார். பக்கத்து இருக்கை முடிவெட்டும் கடை நாற்காலி மாதிரி முழுக்கச் சாய்ந்திருந்தது. மேலே படிக்கும் விளக்கின் பொத்தான் அமுங்கியிருந்தது. ரேடியோவின் சத்தம் பாதிக்கு மேல். "இன்ஜின் ஓடாம, வெறும் ரேடியோவும் லைட்டும் போட்டு மணிக்கணக்கா யாரோ படுத்திருக்காங்க. வீட்டுல வேற யார் கையில சாவி இருக்கு?"

டாக்டர் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் கூரையில் ஓடிய தண்ணீர்க் குழாயை, பிறந்ததிலிருந்து குழாயே பார்க்காதவன் போல் ரசித்துக்கொண்டிருந்தான்.

பத்தொன்பது வருடத்தில் அவள் அவனைச் சந்தேகப்பட்டதே இல்லை. நம்பிக்கை என்று சொல்ல முடியாது. அந்த மாதிரிக் காரியங்களுக்கு ஒரு சுறுசுறுப்பு வேண்டும், அது இவனிடம் கிடையாது என்பது அவள் முடிவு. இப்போது சாய்ந்த இருக்கையைப் பார்க்கப் பார்க்க அந்த முடிவு ஆட்டம் கண்டது.

"யாருங்க அது?"

"எது?"

"இந்தச் சீட்டுல படுத்திருந்தது யாரு?"

"எனக்கெப்படித் தெரியும்?"

குடும்பச் சண்டைக்கு நடுவே நிற்பது மெக்கானிக்கின் வேலைப் பட்டியலில் இல்லை. கையைச் சும்மா வைத்திருக்கப் பிடிக்காமல், கதவின் பைக்குள் விட்டுத் துழாவினார். பெப்பர்மின்ட் காகிதங்கள் வந்தன, ஒரு பிடி. அப்புறம் பஞ்சு. அப்புறம் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பழுப்புக் குப்பி. டாக்டர் அதைப் பிடுங்கி, மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

கிராம்பு எண்ணெய்.

அது ஒரு பெண்ணின் சென்ட் பாட்டிலாக இருந்திருந்தால்கூட அவளுக்கு அப்படிக் கொதித்திருக்காது.

"வாயத் திறங்க."

"இங்கயா?"

"திறங்கன்னா திறங்க."

திறந்தான். டாக்டர் அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். "கொஞ்சம் இப்படி வெளிச்சம் காட்டுங்க," என்றதும், மெக்கானிக் இன்ஜினுக்குள் காட்டுவதுபோலக் குனிந்து பக்குவமாகக் காட்டினார். கீழ் வரிசையில், இடது பக்கம், கடைசிக்கு முந்தின பல். நடுவில் ஒரு பள்ளம், அதைச் சுற்றிக் கறுப்பு.

"அடேங்கப்பா," என்றார் மெக்கானிக். "இதையும் மாத்தணும் போல இருக்கே, மேடம்."

"எத்தன நாளா?"

"ஏழு மாசம்," என்றான் கணவன், திறந்த வாயோடு.

தாடையை விட்டதும் மற்றதும் வெளியே வந்தது. இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை அவள் பல்லைக் குடையும் சத்தம், அவன் மேஜைக்கு அடியில் தரை வழியாக ஏறி வரும். முன்பெல்லாம் பஞ்சை வைத்துக் காதை அடைத்துக்கொள்வான். பல் வலி ஆரம்பித்த பிறகு பஞ்சும் பலிக்கவில்லை.

"அந்தச் சத்தம் கேட்டா பல்லு வலிக்குது. பல்லு வலிச்சா அந்தச் சத்தம் ஞாபகம் வருது. இங்க வந்து ரேடியோவப் போட்டுக் கண்ண மூடினா ரெண்டும் இல்ல."

"பல் டாக்டரக் கட்டிக்கிட்டு கிராம்பு எண்ணெய்! ஊரு கேட்டா வாயால சிரிக்காது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உங்கிட்டதான் பயம்."

அவன் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. மழை வருது என்கிற மாதிரிச் சொன்னான். டாக்டர் குப்பியின் மூடியைத் திருகி மூடினாள், அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். "சார், ஒண்ணு சொல்லிடறேன். நாளைக்கு நீங்க பாட்டுக்குப் புத்திசாலித்தனமா வண்டிய ஆன் பண்ணிட்டு இங்க படுத்துடாதீங்க. பெரிய பேட்டரி இறங்கினா இன்ஜின் தானா ஓட ஆரம்பிக்கும். மூடின இடம், புகையில ஆளு போயிடும். படுக்கணும்னா வெளிய ஓட்டிட்டுப் போய்ப் படுங்க." பிறகு தன் படிவத்தை எடுத்து, பழுதுக்கான காரணம் என்ற கட்டத்தில் யோசிக்காமல் 'பல் வலி' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் அவருடைய அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் தனித்தனியாகப் போன் செய்து இது நிஜந்தானா என்று கேட்டார்கள்.

பல்லைப் பார்க்க ஒப்புக்கொண்டான் கணவன். ஒரு நிபந்தனை மட்டும்: அவளிடம் வர மாட்டான்.

"வேற டாக்டரா? இந்தத் தெரு முழுக்க எங்கிட்டதான் வாயத் திறக்குது!"

"தெரு உன்னோட குடித்தனம் நடத்தலயே."

மூன்றாம் நாள் கல்லூரித் தோழி ஒருத்திக்குப் போன் செய்தாள். தோழியின் கிளினிக் நாற்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி. வேர்வரை சுத்தம் செய்ய மூன்று தடவை வர வேண்டும் என்றாள் தோழி. தற்செயலாக அதே வாரம் விசாரிக்கக் கூப்பிட்ட மெக்கானிக்குக்குக் கேட்டதும் வாயெல்லாம் பல். "போக நாப்பத்தஞ்சு, வர நாப்பத்தஞ்சு! பேட்டரிக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது, மேடம். இன்னும் ரெண்டு பல்லு கெட்டிருந்தாலும் தேவலை."

அந்தப் புதன்கிழமை, வாழ்க்கையில் முதல்முறையாக, டாக்டர் ஒரு பல் ஆஸ்பத்திரியின் வெளி நாற்காலியில் உட்கார்ந்தாள். பழைய பத்திரிகை ஒன்றைப் புரட்டினாள். உள்ளே குடைகிற சத்தம் கிளம்பியது.

இருபத்திரண்டு வருடமாக அவள் கையில் இருந்த சத்தம் அது. கையில் இருக்கும்போது அது வெறும் கருவி, வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். சுவருக்கு இந்தப் பக்கம் அது வேறு பிராணியாக இருந்தது. எப்போது நிற்கும் என்று தெரியாது. நின்றால், எப்போது மறுபடி தொடங்கும் என்று தெரியாது. அவள் கால்விரல்கள் செருப்புக்குள் தாமாகச் சுருண்டன.

வரவேற்பில் இருந்த பெண் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டாள். "பயப்படாதீங்கம்மா. எங்க டாக்டருக்குக் கை ரொம்ப மெது. உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆகாது."

நானும் டாக்டர்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். "சரிம்மா," என்று மட்டும் வந்தது.

கணவன் வெளியே வந்தான், வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு. காரில் ஏறியதும் ஏதோ சொல்ல முயன்றான். மரத்த உதட்டில் வார்த்தைகள் வழுக்கி விழுந்தன.

"என்ன?"

"வ... லிக்... கவே இல்ல."

"எங்கிட்டயும் வலிக்காது. பேசாம வாங்க."

அவனால் பேச முடியாததால் திரும்பும் வழி முழுக்க அவளே பேசினாள். பிற்பகல் நேரத்து நோயாளிகளை மாற்றிவிட்டு, குடைகிற வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளலாம் என்றாள். அப்போது அவன் வேண்டுமானால் வண்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரையில் போய் உட்கார்ந்து மொழிபெயர்க்கட்டும். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினான். பத்தொன்பது வருடத்தில் இவ்வளவு நல்ல உரையாடல் அமைந்ததில்லை.

மூன்றாவது தடவை திரும்பி வரும்போது மரப்பு சீக்கிரமே தெளிந்துவிட்டது.

"அந்த டாக்டரம்மா காலேஜ்ல உன்னைவிட நல்லா படிச்சவங்களோ?"

"எனக்கு அடுத்தவ. ஒரு மார்க் கம்மி."

"ஒரு மார்க்குல என்ன இருக்கு? பல்லு ஜம்முனு இருக்கு."

டாக்டர் வண்டியை ஓரங்கட்டினாள். இறங்கிச் சுற்றி வந்து அவன் பக்கக் கதவைத் திறந்தாள்.

"நீங்க ஓட்டுங்க."

"நானா? நான் ஓட்டி ரெண்டு வருஷம் ஆச்சே!"

"படுக்கத் தெரியுது இல்ல? ஓட்டவும் தெரியும். எந்திரிங்க."

அவன் ஓட்டினான். மாட்டு வண்டி வேகத்தில், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு. லாரிகள் திட்டிவிட்டுக் கடந்தன, ஒரு சைக்கிள்காரர்கூட முந்தினார். டாக்டர் இருக்கையைப் பின்னால் சாய்த்தாள். அது உண்மையிலேயே மிகச் சௌகரியமாக இருந்தது. வீடு வந்ததை அவன்தான் எழுப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.