பதினொன்றாம் நம்பர் காற்று

“இதைவிடப் பெரிய நம்பர் இல்லையாம்மா?”

“இருக்கு சார், பதினாறு. ஆனா அதைப் போட்டா உங்க மிஷின் மூச்சு முட்டியே போயிடும். பரவாயில்லையா?”

“வீட்ல போட்டிருக்கிறது பதிமூணு. அதுக்கே இவ இந்தத் தும்மு தும்முறா. அப்போ அதுக்கு மேலதானே போகணும்?”

அத்தான் சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்தில் நின்ற சின்னவள் அடுத்தடுத்து மூன்று தும்மல் போட்டாள். கல்லா மேலிருந்த ரசீதுகள் பறந்தன.

“பார்த்தீங்களா, சாட்சி!” என்றார் அத்தான், என்னவோ அவரே தும்மிக் காட்டிய பெருமையோடு.

சின்னவளுடைய அக்காவின் கணவர் அவர். எதை வாங்கினாலும் இருப்பதிலேயே பெரியதைத்தான் வாங்குவார். அவருடைய குடையில் நான்கு பேர் நனையாமல் போகலாம். ஆனால் அது எந்த வாசலிலும் நுழையாது. ஏசிக்குத் தூசி வடிகட்டும் பில்டர் வாங்கப் போனபோதும் அதே கதைதான்; நம்பர் ஏற ஏற வடிகட்டும் நெருக்கமும் ஏறும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

சின்னவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்றரை. ஐந்து மணிக்கு ஒலிப்பதிவுக்காரர் வீட்டுக்கு வருகிறார். ஐந்து வருடமாக ஒரு பெரிய கடையின் ஒலிபெருக்கியில், ‘நீலச் சட்டை போட்ட குழந்தை இரண்டாம் மாடியில் அழுதுகொண்டிருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டிருப்பவள் அவள். இன்று தேறிவிட்டால் நாவல்களை வாய்விட்டு வாசிப்பதே வேலை. அதற்குச் சம்பளமும் தருவார்கள் என்பதை அவளால் இன்னும் நம்ப முடியவில்லை.

பத்து நாளைக்கு முன்னால், ஏதோ ஒரு தூரத்துக் கடலின் கலங்கரை விளக்கக் காவலனைப் பற்றிய நாவலில் முதல் அத்தியாயத்தை மாடியறையில் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். நாற்பத்தொரு தும்மல்களை வெட்டி எடுத்த பிறகுதான். இன்று அவர் எதிரே உட்கார்ந்து கேட்கப் போகிறார். எதிரே இருப்பவர் காதில் விழுந்த தும்மலை எந்தக் கத்திரியாலும் வெட்ட முடியாது. ஜன்னலைத் திறந்தால் தெரு முழுக்க உள்ளே வந்து உட்காரும். ஏசியை நிறுத்தினால் பத்து நிமிடத்தில் ஆள் வெந்துவிடலாம்.

“பழசைக் கொண்டு வந்தீங்களா?” என்றாள் கடைக்கார அம்மா.

அத்தான் தலையணை உறையிலிருந்து அதை வெளியே உருவினார். அந்த அம்மா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தாள்.

“நடுவுல பால் மாதிரி வெள்ளையா இருக்கு. ஓரமெல்லாம் கரி. சார், இதை வெட்டினீங்களா?”

“வெட்டலை. லேசா… சீவினேன்.”

“எதால?”

“சமையல்கட்டுக் கத்திரியால. பெரிய அளவு கேட்டு வாங்கிட்டேன், உள்ள போகலை.”

“அத்தான்!” என்றாள் சின்னவள்.

“ஒரு விரல்தான்டா கூடுதலாப் போயிடுச்சு, சின்னு.”

“அந்த ஒரு விரல் சந்துலதான் காத்து ஓடிட்டு இருக்கு” என்றாள் கடைக்கார அம்மா. “பதிமூணு ரொம்ப நெருக்கம். உங்க சின்ன மிஷினுக்கு அதுக்குள்ள இழுக்கத் தெம்பில்லை. ஓரத்துல வழி கிடைச்சா விடுமா? தூசியையும் கூட்டிட்டு அதுலயே போகும். விசில் அடிச்சிருக்குமே?”

“பத்து நாளா!” என்றார் அத்தான். “பெரிய நம்பர்னா அப்படித்தான் பாடும்னு நினைச்சேன்.”

சின்னவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கடைக்கார அம்மாவும் சேர்ந்துகொண்டாள். அத்தான் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, தோற்றுப்போய், எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

“எட்டு போட்டா முடி, பஞ்சை மட்டும் பிடிக்கும், பொடித்தூசி தப்பிச்சிடும். உங்களுக்குப் பதினொண்ணு போதும். அளவு?”

அத்தான் இரண்டு கைகளையும் விரித்து, “இவ்ளோ” என்றார்.

அளவு அச்சிட்ட ஓரம்தான் கத்திரிக்குப் பலியாகியிருந்தது. வீட்டுக்குப் போய் அளந்துவிட்டு வர நேரமில்லை. சின்னவள் சட்டென்று பையிலிருந்து அந்த நாவலை எடுத்தாள்.

“இதை அளங்கம்மா. பில்டர் உட்காருற சுவர் மாடத்துக்கு ஏசிக்காரங்க சல்லடைக் கதவு போடுறதுக்கு முன்னாடி, அதுக்குள்ளதான் நான் புத்தகம் அடுக்கி வெச்சிருந்தேன். நெட்டுவாக்குல படுக்க வெச்சா அகலத்துக்கு மூணு, நிறுத்தினா உயரத்துக்கு ரெண்டு. இம்மி பிசகாது.”

“காத்து போற வழியில புத்தகமா!”

“அப்போ ஏசி இல்லைம்மா. அது அலமாரி.”

நாவலின் நீளம் இருபது சென்டிமீட்டர். அறுபதுக்கு நாற்பது. கடைக்கார அம்மா உள்ளே போய், விசிறிபோல மடிப்பு மடிப்பாக இருந்த புது பில்டரோடு வந்தாள். பழையதை முழங்காலில் வைத்து இரண்டாக முறித்துக் குப்பைத்தொட்டியில் திணித்தாள். “ஓரத்துல போட்டிருக்கிற அம்புக்குறி மிஷினைப் பார்த்து இருக்கணும் சார். உங்களைப் பார்த்து இல்லை.”

திரும்பும் வழியில் ஸ்கூட்டரின் பின்னால் சின்னவள் அதைப் பாய்மரம்போலப் பிடித்துக்கொண்டாள். எதிர்க்காற்றில் வண்டி ஆடியது. “கப்பல் கவிழுது!” என்று அவள் கத்த, “கேப்டன் நான் இருக்கேன்!” என்று அத்தான் கத்த, சிக்னலில் நின்றவர்கள் நகர்ந்து வழிவிட்டார்கள்.

மாடியறையில் புதியது ‘டக்’கென்று பொருந்தியது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விசில் இல்லை. காற்று மெத்தென்று இறங்கியது. ஒரு நிமிடம், ஐந்து நிமிடம். தும்மலும் இல்லை. அத்தான் கட்டில் மேல் ஏறி ஒரு குதி குதித்தார்.

ஒலிப்பதிவுக்காரர் சரியாக ஐந்துக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். சின்னவள் வாசித்தாள். காவலன் படியேறினான், விளக்கை ஏற்றினான், கப்பலைக் கண்டான். ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. மூக்கு, மூக்கு என்ற ஒன்று இருப்பதையே மறந்துவிட்டது. கதவிடுக்கில் அத்தானின் ஒற்றைக் கண் மின்னியது.

அத்தியாயம் முடிந்தது. அவர் கண்ணைத் திறந்து அறையைச் சுற்றிலும் எதையோ தேடினார்.

“குரல் அருமைம்மா. அதுல குறையே இல்லை. ஆனா நீங்க அனுப்பினதுல பின்னால ஒரு கடல்காத்து ஊளையிடுமே, உய்ய்ங்னு? ஆபீஸ்ல எல்லாரும் அதுலயே மயங்கிப் போய்ட்டோம். எப்படித்தான் செஞ்சீங்களோ! புத்தகம் முழுக்க அது வேணும்மா. இப்போ ஒரு தடவை அந்தக் காத்தைப் போட்டுக் காட்டுங்களேன்?”