எல்லம்மாளுக்கு நான்கு விடைகள்

கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் பிட்டராக இருந்தேன். ஷிப்டு மாறி மாறிப் போனதில் என் மனைவி எல்லம்மாளை நல்ல வெளிச்சத்தில் பார்த்தது மொத்தம் பதினோரு தடவைதான். 2003-இல் ஓய்வு பெற்றபோது எனக்கிருந்தது ஒரே ஆசை. தினமும் சாயங்காலம் சதுரங்கப்பட்டினம் கடற்கரையில், இடிந்த பழைய கோட்டைக்கு எதிரே, அவள் பக்கத்தில் உட்கார்ந்து சுண்டல் தின்ன வேண்டும்.

முதல் நாளே தலையணை கனத்தில் ஒரு கைடைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் நைட் ஷிப்டு போன காலத்தில் அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தவள். இப்போது சென்னையில் எம்.ஏ. வரலாறு சேர நுழைவுத் தேர்வு எழுதப் போகிறாளாம்.

"இந்த வயசுல இன்னாத்துக்குமே உனுக்கு?"

"இந்தக் கோட்டைய பார்த்துகினே கெழவியாயிட்டேன். அதுல யாரு இருந்தான், ஏன் போனான், ஒண்ணும் தெர்ல. நீ கேள்வி கேளு."

ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள். மூன்றை அச்சில் உள்ளபடி படிப்பேன். நான்காவது என் சொந்தச் சரக்கு.

"கோட்டைய கட்டனது யாரு? போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், உங்க சித்தப்பா காசிநாதன்."

"சித்தப்பாவா இருந்தா கதவு வெக்க மறந்திருப்பாரு" என்று சொல்லி அவள் சிரித்த சிரிப்பில், கரையில் கிடந்த படகுகள் தாமாகவே கடலுக்குள் போயின.

இப்படியே மாதங்கள் ஓடின. கைடில் மிச்சப் பக்கங்கள் குறைந்துகொண்டே வந்தன. இடம் கிடைத்தால் வாரம் முழுக்கத் திருவல்லிக்கேணியில் தன் தங்கை சரோஜா வீட்டில் தங்கிவிடுவாள். முடித்த பக்கங்களையே திருப்பித் திருப்பிக் கேட்டேன்.

"இத்த நேத்தே கேட்டாச்சு. பக்கத்த திருப்பு."

தேர்வுக்கு முன்பு திருவிடந்தைக்குப் போனோம். கல்யாணம் ஆகாதவர்கள் மாலையும் கழுத்துமாகச் சுற்றிவரும் கோயில் அது. அங்கே போய் யுனிவர்சிட்டியில் இடம் கேட்ட முதல் ஆள் எல்லம்மாள்தான். பக்கத்தில் நின்று, கொடுத்துவிடாதே என்று கேட்ட முதல் ஆள் நான். பெருமாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என் கண்ணாலேயே பார்த்தேன்.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது கேட்டாள்: "இன்னா வேண்டிக்கினே?"

"உனுக்கு சீட்டு கெடைக்கக் கூடாதுன்னு."

அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் நடந்துவிட்டு நின்றாள். "கெடைச்சாலும் போவாம இருந்துடட்டா?"

ஆமாம் என்ற சொல் வாய் வரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளத் தயாராக நின்றாள், அதுதான் தாங்கவில்லை.

"இங்கியே இரு. உள்ள போயி வாபஸ் வாங்கிக்கினு வர்றேன்."

செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். நடை சாத்த வந்த பட்டரைக் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தி, சொன்னதை ஒரு சொல் விடாமல் திரும்ப வாங்கினேன்.

இடம் கிடைத்தது. ஊருக்கெல்லாம் லட்டு கொடுத்தேன். எனக்கு மட்டும் அது இனிக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அன்று பகல் நாற்பது மணி நேரம் நீடித்தது.

சாயங்காலம் போன் அடித்தது.

"இன்னிக்கி மகேந்திரவர்மன் பாடம். கல்லைக் கொடையறதுக்கு முந்தி கோயில எதுல கட்னாங்க, சொல்லு?"

செங்கல், மரம், உலோகம், சுதை. நானே அவளிடம் நூறு தடவை கேட்ட கேள்வி.

"தெர்லியே" என்றேன்.

"போச்சு போ. மொதல்லேந்து சொல்றேன், கேட்டுக்க" என்றாள். நாற்காலியை மெதுவாகப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.