ஐந்நூறு மீட்டருக்குள்

மூன்றாவது தடவையும் திரையில் ஒரே ஒரு புள்ளிதான் வந்தது. ஜெராக்ஸ் கடை, ஐந்நூறு மீட்டருக்குள்: ஒன்று. அதுவும் எதிர்ச்சாரியில் இருக்கிற பெரிய கடை. அப்பாவின் கடையைக் காணவில்லை.

முன்னறையில் அப்பா கிடத்தப்பட்டிருந்தார். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. நாலு மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு. வெளியூரிலிருந்து வந்து இறங்கிய அத்தை, அண்ணனின் காலடியில் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே காரியத்தில் இறங்கிவிட்டாள். வாடிக்கைக்காரர்கள் வந்து காத்து நிற்பார்கள், கடைக் கதவில் ஒரு தாள் ஒட்ட வேண்டும் என்றாள். அப்பாவின் இயந்திரமோ அவர் கைக்கு மட்டும்தான் மசியும்.

"பக்கத்துல வேற ஜெராக்ஸ் கடை எங்க இருக்குன்னு பாருடி. ஊருக்கெல்லாம் தாள் அடிச்சுக் குடுத்த மனுஷன். அவருக்கு ஒரு தாள் அடிக்க ஆளில்ல பாரு."

தேடுவதுதான் மகளுக்கு வேலையே. எங்கே கடை போடலாம் என்று கேட்டு வரும் நிறுவனங்களுக்கு இடம் பார்த்துச் சொல்லும் அலுவலகம் அவளுடையது. கடைகளெல்லாம் ஒரு தரவுத்தளத்தில் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கடைக்காரரே பதிந்த பெயர், வகை, தொலைபேசி எண், வரைபடத்தில் ஒரு புள்ளி. ஓர் இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு, இன்ன வகைக் கடை உள்ளே எத்தனை என்று கேட்டால் எண்ணிச் சொல்லிவிடும். எண்ணிக்கை குறைந்தால் போட்டி குறைவு. ஒன்றுமே இல்லை என்று வந்தால் தங்கமான இடம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளிடம் வந்த முதல் வேலையே, ஊரெங்கும் ஜெராக்ஸ் கடை திறக்கும் ஒரு நிறுவனத்துடையதுதான். மூன்று வாரம் வட்டம் போட்டாள். எங்கே போட்டாலும் உள்ளே யாராவது ஒருவர் கடை விரித்திருந்தார். மாதக் கடைசிக்குள் இடம் சொல்லாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று மேலாளர் கெடு வைத்தார். அன்றைக்குச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் புலம்பினாள். சாப்பாட்டுத் தட்டை வட்டமாகவும் உப்பு டப்பாவைக் கடையாகவும் வைத்து விளக்கினாள். ஒரு திருகாணி விடாமல் தெரிந்துகொள்ளும் மனிதர் அவர். வட்டத்தை யார் போடுகிறார்கள், புள்ளியை யார் வைக்கிறார்கள், வகையை யார் எழுதுகிறார்கள் என்று குடைந்தார். அவளும் சளைக்காமல் பதில் சொன்னாள்.

தங்கள் பகுதியை அவள் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தாள். மூன்று நாள் கழித்து அங்கே வட்டம் போட்டபோது, ஒன்றுமில்லை என்று வந்தது. நடுவில் அவர்கள் தெரு.

அப்பாவின் கடை அங்கே இருப்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? பட்டியலில் ஏன் இல்லை என்று அவள் தேடவில்லை. தேடினால் கிடைத்துவிடும். கிடைத்தால் சேர்க்க வேண்டும். முகவரியை எழுதி அனுப்பினாள். வேலை நிலைத்தது. இடம் எது என்று வீட்டில் மூச்சு விடவில்லை.

எதிரே பெரிய கடை வந்தது. அப்பாவின் கடையில் கூட்டம் வற்றியது. "காலுக்குக் கொஞ்சம் ஓய்வு" என்று சிரித்தார். சொல்லிவிடலாம் என்று அவள் வாயெடுத்த நாட்களிலெல்லாம் அவர் வேறு எதையாவது பேசினார். இனி யாரிடம் சொல்வது?

வேறு வழியில்லை, எதிர்க்கடைக்குத்தான் போனாள். பொறுப்பாளர் நடுத்தர வயதுப் பெண்மணி. வாசகத்தைத் தட்டிக்கொண்டே, எழுத்து தூரத்திலிருந்து தெரிய வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டார். தாள் வெளியே வந்தது. அதைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"நாங்க கடை திறந்த அன்னிக்கு மொத ஆளா உங்கப்பாதாம்மா வந்தாரு. ஒரே ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு, 'என் பொண்ணு பாத்துக் குடுத்த இடம், நல்லா நடத்துங்க'ன்னாரு. எதிர்ல அவரே கடை வச்சிருக்காருன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. கேட்டா சிரிக்கிறாரு."

மகள் தாளை வாங்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

நாலு மூலையிலும் டேப் வைத்து ஒட்டினாள். கை பட்ட இடத்தில் இரும்புக் கதவு சுட்டது. தாளுக்குக் கீழே, அப்பா தன் கையாலேயே பெயின்டில் எழுதிய தொலைபேசி எண். ஆறாவது இலக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கைப்பேசியில் தரவுத்தளத்தைத் திறந்து, வகையென்று இருந்த கட்டத்தைக் காலி செய்துவிட்டு, அந்த எண்ணை அடித்தாள்.

புள்ளி வந்தது. அவள் நின்ற இடத்திலேயே வந்தது. அப்பாவின் கடைப் பெயர். வகை: எழுதுபொருள் கடை. கடைசியாக மாற்றியவர்: உரிமையாளர். தேதி, மேலாளர் கெடு வைத்ததற்கு மறுநாள்.

அந்தக் கடையில் எழுதுபொருள் என்று இருந்தது, மேசையில் கயிறு போட்டுக் கட்டி வைத்த ஒரு பேனாதான்.

அத்தை வீட்டு வாசலிலிருந்து கூப்பிடுவது கேட்டது. மகள் இன்னொரு முறை வகையை வைத்துத் தேடினாள். வரவில்லை. எண்ணை வைத்துத் தேடினாள். வந்தது.

வகையை வைத்துத் தேடினால் அப்பாவின் கடை கிடைக்காது. எண்ணை வைத்துத் தேடினால் கிடைக்கும்.