மிராண்டாவை அகற்றிய தீர்மானம்

அந்தத் தீவின் மேற்குக் கரையில் பாறைகள் தண்ணீருக்கடியில் பதுங்கிக் கிடக்கும். குடியேற வந்தவர்களை ஏற்றிவந்த பாய்மரக் கப்பல்கள் அந்தக் காலத்தில் அங்கேதான் உடைந்தன. செத்தவர்களைப் புதைத்த மேடுகளில் தீவின் ஊராட்சி பலகை நட்டு, 'கப்பல் பாதை' என்று பெயர் வைத்தது. வந்துபோகிறவர்கள் முதலில் தீவுக்குப் பேர்போன பாலாடைக்கட்டி வாங்குவார்கள், கலங்கரை விளக்கத்தில் ஏறுவார்கள், பிறகு இந்தப் பாதையில் நடப்பார்கள். திட்டத்தைக் கொண்டுவந்தவள் கவுன்சிலர் க்ளெனிஸ். செத்தவர்கள் எல்லாம் யாரோ எவரோ என்றிருந்த காலம் அது.

பிறகு அவளுடைய ஒரே மகன் ரோரி செத்தான். சிங்கி இறால் பிடித்துத் திரும்பும்போது அவனுடைய 'மிராண்டா' படகு பாறையில் ஏறிவிட்டது. கூடப் போனவன் நீந்திக் கரை சேர்ந்தான். ரோரியின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அடுத்து வந்த புயல், இரும்புப் படகை மட்டும் கொண்டுவந்து பக்கத்துக் குடாவின் மணலில் சாய்த்துவிட்டுப் போனது.

க்ளெனிஸ் அந்தப் பக்கமே போகாமல் இருந்தாள். புதிய பலகைக்கு இடம் பார்க்க ஒருநாள் போகவேண்டியதாயிற்று. படகின் மேல் ஒரு இளம் ஜோடி உட்கார்ந்திருந்தது.

"ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா? துரு நல்லாத் தெரியட்டும்," என்று அந்தப் பெண் போனை நீட்டினாள்.

க்ளெனிஸ் எடுத்துக் கொடுத்தாள்.

"இது எந்தக் காலத்துக் கப்பல்?" என்று கேட்டான் பையன்.

"ஆறு வருஷம் ஆகுது."

"அவ்வளவுதானா?" அவன் முகம் தொங்கிப்போயிற்று.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் புருஷனிடம் சொன்னாள். "எரல், அதை எடுத்துடச் சொல்லப் போறேன். என்னால பாக்க முடியல. நீ என்ன சொல்ற?"

எரல் உருளைக்கிழங்கை முள்கரண்டியால் நசுக்கிக்கொண்டே இருந்தான். "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்."

மேயர் வார்விக் தலையைச் சொறிந்தார். "க்ளென், கப்பல் பாதைன்னு பலகை நட்டதும் நீதான், இப்போ படகை எடுக்கச் சொல்றதும் நீதானா? ஜனங்க அதைப் பாக்கத்தான் அந்தக் குடாவுக்கே வர்றாங்க."

"அவங்க அதுல ஏறி உக்காந்து பல்லைக் காட்டறாங்க, வார்விக்."

அவர் அதைத் தீர்மானமாக ஊராட்சிக் கூட்டத்தில் வைத்தார். எல்லாரும் கை தூக்கினார்கள். மறுவாரம் மிராண்டாவை வெட்டித் துண்டு துண்டாக லாரியில் ஏற்றினார்கள். அன்றைக்கு எரல் காலையிலேயே வேலி கட்டப் போய்விட்டான்.

அவனுடைய பிழைப்பு கெல்ப். புயலில் ஒதுங்கும் அந்தத் தடித்த கடற்பாசியை லாரியில் இழுத்துப் போட்டு, காயவைத்து விற்பான். அந்தக் குளிர்காலத்தில் பெரும்புயல் அடித்து ஓய்ந்தது. ஊரே பாசி அள்ளி வந்தது. எரலின் லாரி மட்டும் காலியாக வந்து நின்றது.

"என்ன, குடாவுல ஒண்ணுமே ஒதுங்கலயா?" என்று கேட்டாள் க்ளெனிஸ்.

"நிறையக் கிடக்கு."

"அப்புறம்?"

எரல் கையுறையைக் கழற்றினான். கழற்றியும் வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றான். "பாசி அள்ளப் போறப்பல்லாம் படகுப் பக்கத்துல உக்காந்து டீ குடிப்பேன். அவன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுவேன். இன்னிக்கு எங்க உக்கார்றதுன்னு தெரியல."

க்ளெனிஸ் படியிறங்கி வந்தாள். "ஏன்டா பாவி, அன்னிக்கே ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கை தூக்கியிருப்பேனா?"

"பாக்க முடியலன்னு நீ சொன்னே. எனக்குப் பாக்காம முடியலன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

அவளே சாவியை வாங்கி லாரியை ஓட்டினாள். குடாவில் காற்று மணலை வாரி எறிந்துகொண்டிருந்தது. எரல் இங்கே நின்று பார்த்தான், அங்கே நின்று பார்த்தான், பாறையைக் கண்ணால் அளந்தான். படகு கிடந்த பள்ளத்தை அலை எப்போதோ மூடியிருந்தது.

"இங்கதான்னு நினைக்கிறேன்," என்றான். குரலில் நிச்சயமில்லை.

ஈரமணலில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"அவன்கிட்ட என்ன பேசுவே?"

"பெருசா என்ன? ஃபுட்பால் மேட்ச்ல யாரு ஜெயிச்சாங்க, எந்தப் பசு கன்னு போட்டுச்சு. நீ என்னைத் திட்டினா, அதையும் சொல்லுவேன்."

க்ளெனிஸ் கடலைப் பார்த்து வாயைத் திறந்தாள். ரோரி என்ற பெயருக்கு மேல் ஒன்றும் வரவில்லை. எரல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த வாரத்துச் செய்திகளை அவனே சொல்ல ஆரம்பித்தான்.